பதினேழாம் நம்பர் குழி

அவரை எல்லோரும் அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இடுகாட்டில் குழி வெட்டுகிற வேலை. ஆளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாரென்றால் நீளம் எவ்வளவு, தோள் அகலம் எவ்வளவு என்று நாடா இல்லாமலே சொல்லிவிடுவார். முப்பத்தோரு வருஷப் பழக்கம். அதனால் ஒரு தொந்தரவும் உண்டு. டீக்கடையில் யாரையாவது சும்மா திரும்பிப் பார்த்தால்கூட அந்த ஆள் நெளிவார். "என்னை ஏன்யா அப்படிப் பாக்குற, எனக்கு இன்னும் டைம் இருக்கு" என்று சிரித்தபடி நகர்ந்து உட்காருவார். சிரிப்பெல்லாம் உண்மைதான். நகர்வதும் உண்மைதான்.

அவருடைய மனைவிக்கும் அந்தப் பார்வை ஆகாது. "அந்தக் கண்ணை வாசல்லயே கழட்டி வெச்சிட்டு உள்ள வாங்க" என்பாள். சொல்லிவிட்டுத் தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு வந்து அவருடைய வலது தோளில் தேய்ப்பாள். அந்தத் தோள் இப்போது காதுக்கு மேலே எழும்புவதில்லை. தலை வாருவதே இடது கையால்தான். முட்டி இரண்டும் மாடிப்படியைக் கண்டாலே முனகுகின்றன. ஐம்பத்தெட்டு முடிய இன்னும் ஐந்து மாதம். அதற்குப் பிறகு வீட்டில் உட்காரலாம். ஐந்து மாதத்தில் எத்தனை குழி என்று நினைத்தால் அலுப்புத் தட்டும் என்பதால் அவர் நினைப்பதில்லை.

மண்ணைத் தோண்டுகிற வேலைதானே, இதில் என்ன பிரமாதம் என்று கேட்பவர்கள் ஒரே ஒரு நாள் வந்து ஆறடி இறங்கிப் பார்க்கட்டும். இடுப்பளவு வரைக்கும் அது சாதாரண வேலை. இடுப்பைத் தாண்டினால் அள்ளுகிற மண்ணைத் தலைக்கு மேலே வீச வேண்டும். வீசுவதில் கால்வாசி திரும்ப முகத்திலேயே விழும். பக்கச் சுவரைச் செதுக்கிச் செதுக்கி நேராக நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சரியும். இரண்டு ஆள் மாற்றி மாற்றி இறங்கினால் நல்ல மண்ணில் நாலு மணி நேரம், காய்ந்த மண்ணில் ஐந்து, ஐந்தரை. பெட்டியோடு வருகிறவர்கள் குழியைப் பார்ப்பதே இல்லை. யார் பார்ப்பார்கள்? ஓரம் எவ்வளவு நேராக இருக்கிறது என்று பாராட்டுகிற மனநிலையிலா அங்கே வருகிறார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அவரை "நகராட்சியில வேலை" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது பொய்யில்லை என்பதால் அவரும் திருத்தவில்லை.

அன்றைக்குக் காலை எட்டரை மணிக்கு இடுகாட்டு ஆபீஸ் கிளார்க் ஜன்னல் வழியாக ஒரு சீட்டை நீட்டினார்.

"சாயந்திரம் நாலு மணிக்கு ஒண்ணு. புதுசு இல்ல, பழசைத் திறக்கணும். பதினேழாம் நம்பர்."

அளவுக்காரர் சீட்டை வாங்கவில்லை. "யாரு?" என்றார்.

"அந்த வாட்ச் ரிப்பேர்காரரு. வாராவாரம் ஒரு டீச்சரம்மா வருவாங்கல்ல, அவங்க வீட்டுக்காரரு. ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாராம். பையன்கூடவே வைக்கணும்னு எழுதியே கொடுத்திருக்காரு. ஏன், என்ன அப்படி நிக்கிறீங்க? வாங்குங்க."

வாங்கிக்கொண்டார். பதினேழாம் குழியில் அந்தப் பையன் இல்லை. அது உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. நாலு வயசுப் பையன், காய்ச்சல். சின்னப் பிள்ளைகளுக்குச் சின்னக் குழிதான் வெட்டுவது வழக்கம், அதற்கென்று தனி மூலையும் உண்டு. வாட்ச் ரிப்பேர்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "பெரியவங்க வரிசையில முழுக் குழியா வெட்டுங்க. அடியில அவன் இருக்கட்டும். பின்னாடி மேல நாங்க வருவோம்" என்று ஆபீஸில் வந்து நின்று கேட்டார். கேட்கிற முகத்தைப் பார்த்து யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆக, அன்றைக்குப் பதினேழு, பதினெட்டு என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முழுக் குழிகள். பதினேழு பையனுக்கு. பதினெட்டு, யாருமில்லாமல் ஆஸ்பத்திரியில் செத்துப்போன ஒரு பெரியவருக்கு. இரண்டும் ஒரே அளவு, ஒரே ஆழம். காலையிலிருந்து மழை வேறு. அளவுக்காரருக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. லீவு கேட்டால் மாற்று ஆள் இல்லை என்று கை விரித்துவிட்டார்கள்.

பையனைக் கொண்டுவந்த நேரத்தில் பதினேழின் பக்கச் சுவர் சரிந்து, உள்ளே முழங்கால் தண்ணீர். அதில் எப்படிப் பிள்ளையை வைப்பது? பதினெட்டு மேலே தார்ப்பாய் கிடந்ததால் தண்ணீர் இல்லாமல் தயாராக இருந்தது. பதினெட்டில் வைத்தார். மழையிலும் அழுகையிலும் எது எந்தக் குழி என்று யாருக்குத் தெரிந்தது. சாயந்திரம் பதினேழை இறைத்து, சரிசெய்து, பெரியவரைக் கொண்டுவந்த ஆஸ்பத்திரி ஆட்கள் மூன்று பேரோடு சேர்ந்து அவரை அதில் வைத்தார்; அவர்களுக்கு நம்பரைப் பற்றி என்ன தெரியும். செய்ததில் தப்பே இல்லை. நம்பர் மாறிவிட்டது என்று ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பதிவேட்டில் மாற்றி எழுதியிருப்பார்கள். சொல்ல மறந்துவிட்டார். காய்ச்சலோடு வீட்டுக்குப் போய் விழுந்தவர் நாலாம் நாள்தான் எழுந்தார். அதற்குள் வேறு யாரோ பதிவேட்டைப் பார்த்து நம்பர் தகடுகளை வரிசைப்படி நட்டுவிட்டார்கள். தகடு நின்றது. மண் அமுங்கி உட்கார ஒரு வருஷம் ஆகும், அதற்குப் பிறகுதான் கல் வைக்க விடுவார்கள். ஒரு வருஷம் கழித்துத் தகட்டைப் பார்த்துக் கல்லை நட்டார்கள், பெரியவரின் தலைமாட்டில், பையனின் பெயரைப் பொறித்து.

அவருக்கே நினைவு வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால்தான். வேலியை ஒதுக்கி அந்த வரிசையை நீட்டச் சொன்னார்கள். பத்தொன்பதை வெட்டிக்கொண்டிருந்தார். ஆறடி ஆழத்தில் நிற்கும்போது பதினெட்டின் பக்கம் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே வெள்ளைப் பெயிண்ட் அடித்த பலகை. இரண்டு முனையும் தெரிந்தன. மூன்றே முக்கால் அடி. அந்த மழை நாள் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. ஈர மண்ணைக் குழைத்து அப்பி, சுவரை மூடிவிட்டு மேலே ஏறினார்.

அந்த வாரமும் டீச்சர் வந்தாள். சனிக்கிழமை தவறாமல் வருவாள். வந்ததும் பிளாஸ்க்கைத் திறந்து, "அண்ணா, சூடா இருக்கு, குடிச்சிட்டுப் போங்க" என்று ஒரு டம்ளர் டீ கொடுப்பாள். குழி வெட்டுகிறவர் குடிக்கும் டம்ளரிலேயே தானும் கழுவிக் குடிக்கிற ஒரே மனுஷி. பிறகு கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு பேசுவாள். "இந்த வருஷம் நீ ஆறாவது போயிருப்பே. உன்கூட எல்.கே.ஜி. படிச்சவன் இப்ப என் கிளாஸ்தான். கணக்கே வரல அவனுக்கு" என்கிற மாதிரி. அன்றைக்கு எப்படிச் சொல்வது? அடுத்த சனிக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தார். அடுத்த சனிக்கிழமை அவளுக்குத் தலைவலி. அதற்கடுத்த வாரம் கூட யாரோ வந்திருந்தார்கள். சாக்குக்கா பஞ்சம். பாதி கோழைத்தனம், பாதி அசதி. மூன்று வருஷம் ஓடிவிட்டது, டீயும் குடித்தாயிற்று.

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பதினேழுக்குப் போனார். கூட வேலை செய்கிறவன் ஏற்கெனவே கடப்பாரையோடு வந்து நின்றான். அவனுக்கு அவசரம் என்று பெயர் வைத்திருந்தார்கள், அவன் எதற்குமே அவசரப்பட மாட்டான் என்பதால். இரண்டு பேருமாகக் கல்லை நெம்பி எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள். அளவுக்காரர் இறங்கி வெட்ட ஆரம்பித்தார். கை பாட்டுக்கு வெட்டியது. முழங்கால் ஆழம் வந்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னண்ணே, தோளா? மேல ஏறுங்க, நான் இறங்குறேன்" என்றான் அவசரம்.

"பையன் இதுல இல்லப்பா. அதுல இருக்கான்" என்று பதினெட்டைக் கண்ணால் காட்டினார். மூன்று வருஷமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததை அரை நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

அவசரம் குழி ஓரத்தில் உட்கார்ந்தான். "யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உன்கிட்டத்தான்."

"அப்ப விடுங்க. இதையே நாலடி வெட்டுவோம், வெச்சு மூடுவோம். மண்ணு விழுந்துட்டா எல்லாம் ஒண்ணுதான்."

"அந்த மனுஷன் பிள்ளைகூட இருக்கணும்னு எழுதிக் கொடுத்திருக்காரு. யாரோ ஒரு பெரியவர் மேல கொண்டுபோய் வைக்கச் சொல்றியா?"

"சரி, அது வேண்டாம்னா இன்னொண்ணு. பதினேழுல தண்ணி ஊறிடுச்சு, பக்கத்துல வெட்டிட்டோம்னு சொல்லிடலாம். பதினெட்டைத் திறந்து அதுல வைப்போம். அப்பாவும் பிள்ளையும் நெசமாவே ஒண்ணா இருப்பாங்க. உங்களுக்கும் வேலை போகாது. ரிட்டயர் ஆகுற நேரத்துல எதுக்குண்ணே வம்பு?"

நல்ல யோசனைதான். அவசரம் இவ்வளவு சீக்கிரமாக யோசித்து அவர் பார்த்ததில்லை. அவருக்கு மண்வெட்டியின் மேல் சாய்ந்தபடியே கொஞ்சம் தூங்கினால் தேவலை என்றிருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. ஆனால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? புருஷன் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் செய்யமுடியாமல் பிள்ளையை ஒரு பக்கமும் அவரை ஒரு பக்கமும் வைத்துவிட்டோம் என்று நினைப்பாள். இனி வருகிற சனிக்கிழமைகளில் இரண்டு கல்லுக்கும் நடுவில் உட்கார்ந்து அதைச் சொல்லியே அழுவாள். அதையும் கேட்டுக்கொண்டு, டம்ளரை நீட்டினால் வாங்கிக் குடிக்க வேண்டும். ஐந்து மாதத்துக்கு.

"இதை மூடு" என்று மேலே ஏறினார். "கல்லு சாய்ச்ச இடத்துலயே இருக்கட்டும். பதினெட்டுல மேல் புல்லைச் செதுக்கி வை. நான் வர்றேன்."

"எங்க போறீங்க?"

"அவங்க வீட்டுக்கு."

"துக்க வீட்டுக்கா? நாமளா?" என்றான் அவசரம். அவன் கேட்டதும் நியாயம்தான். குழி வெட்டுகிறவர்கள் அந்த வீடுகளுக்குப் போவதில்லை. வீடுதான் அவர்களிடம் வரும்.

வாட்ச் கடைக்கு மேல் மாடியில் வீடு. கடைக் கதவு பாதி இறக்கியிருந்தது. குறுகலான படி, பதினெட்டோ இருபதோ இருக்கும், முட்டி ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்டது. படியெல்லாம் செருப்புகள். முன்னறையில் மின்விசிறி ஓட, நடுவில் வாட்ச் ரிப்பேர்காரரைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் கடன் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர். கணுக்கால் வரைக்கும் மண்ணோடு வந்து நின்றவரைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த அம்மாள், செத்துப்போனவரின் அக்கா, "வேலை முடிஞ்சுதா? எதுவா இருந்தாலும் கீழ பேசிக்கலாமே" என்றாள் மரியாதையாகத்தான். ஆனால் புடவையை ஒதுக்கிக்கொண்டாள்.

டீச்சர் எழுந்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "வாங்கண்ணா" என்று சமையலறைக்குள் கூட்டிப்போனாள். "என்ன, கையெழுத்து ஏதாவது வேணுமா?"

"இல்ல டீச்சர். ஒண்ணு சொல்லணும். நீங்க உக்காருங்க."

"பரவாயில்ல, சொல்லுங்க."

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று கட்டி வைத்திருந்த வாக்கியம் எதுவும் வாயில் வரவில்லை. "கல்லு இருக்கிற இடத்துல பையன் இல்ல" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. "இல்லன்னா?"

சொன்னார். மழை, தண்ணீர், நம்பர், காய்ச்சல், பத்தொன்பதாம் குழி, வெள்ளைப் பலகை. மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார். அடுப்பின் மேல் யாரோ போட்டு வைத்த காப்பி ஆறி ஏடு படிந்து கிடந்தது.

"நீங்க எப்பப் பாத்தீங்க, அந்தப் பலகைய?"

"மூணு வருஷம் ஆச்சு."

"மூணு வருஷம்" என்றாள். "நான் வாராவாரம் வந்தேனே அண்ணா."

"வந்தீங்க."

"அப்ப கல்லுக்குக் கீழ?"

"ஒரு பெரியவர். சொந்தம்னு யாரும் வரல. நாங்க நாலு பேருதான் வெச்சோம்."

"அவருக்கா நான் அவ்வளவும் சொல்லிட்டு இருந்தேன்?" அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "பக்கத்துலன்னா எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். "இந்தப் பக்கம் பதினாறோட சிமெண்டுக் கட்டை இருக்கு. அதனால நீங்க எப்பவும் அந்தப் பக்கமாத்தான் உக்காருவீங்க. அந்த இடம்தான் டீச்சர்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். "அவன் மேலயா உக்காந்திருந்தேன்?" என்று கேட்டாள். அவரைக் கேட்ட மாதிரி இல்லை. "பக்கத்துலயேதான் இருந்திருக்கான்" என்றாள். அது ஆறுதலா, தாங்கமுடியாத துக்கமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவளுக்கும் பிடிபட்டிருக்காது. அவர் நின்றுகொண்டே இருந்தார். குனிந்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் என்ன வார்த்தை? மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பதே அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"தப்புப் பண்ணிட்டேன் டீச்சர். மன்னிச்சிடுங்க."

அவள் நிமிர்ந்தாள். கோபம் இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. "மறந்தது தப்பில்ல. அன்னிக்கு மழையில தண்ணிக்குள்ள வைக்காம இருந்தீங்களே, அதுக்கு உங்களக் கும்பிடணும். தெரிஞ்சுக்கிட்டு என் முன்னாடி உக்காந்து டீ குடிச்சீங்க பாருங்க. அதை நான் என்ன செய்யட்டும்?"

புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "முழுக் குழி வேணும்னு கேட்டு வாங்கினது நான் இல்ல. அவரு. இங்க வந்து என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி? அவர்கிட்ட சொல்லுங்க."

"டீச்சர்..."

"வாங்க."

முன்னறையில் எல்லோரும் பார்த்தார்கள். "என்னம்மா இது?" என்று எழப்போன அக்காவை டீச்சர் கையால் அமர்த்தினாள். "இருங்க அண்ணி. அவர் பேசணும்."

முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை பேரை மண்ணுக்குள் இறக்கியிருப்பார். ஒருவரிடமும் பேசியதில்லை. பேச வேண்டிய வேலை இல்லை அது. தலைமாட்டில் போய் முட்டி போட்டு உட்கார்ந்தார். வாட்ச் ரிப்பேர்காரர் இரண்டு நாள் தாடியோடு, யாரோ அழைத்தால் எழுந்துவிடுகிற மாதிரி படுத்திருந்தார்.

"ஐயா" என்றார். "நான் குழி வெட்டுறவன். உங்க பையன் பதினேழுல இல்ல, பதினெட்டுல இருக்கான். நம்பரை மாத்திச் சொல்ல மறந்துட்டேன். பின்னாடி தெரிஞ்சும் மூணு வருஷமா வாயத் திறக்கல. நீங்க ரெண்டு பேரும் வேற யாரோ ஒருத்தருக்குத்தான் இத்தனை வருஷமாப் பூ வெச்சீங்க. இன்னிக்குச் சரியா வெட்டுறேன். அவன் மேலேயே உங்கள வைக்கிறேன்."

ஒரு நாற்காலி கிரீச்சிட்டது, யாரோ குசுகுசுவென்று ஆரம்பித்தார்கள். அவர் எழ முயன்றார், முட்டி பிடித்துக்கொண்டது. தரையில் கை ஊன்றி எழுந்தார். யாரும் கை கொடுக்கவில்லை. டீச்சரைப் பார்த்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், மன்னித்தேன் என்றால் அதையும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார்.

அவள் மணி பார்த்தாள். "பத்தே முக்கால். நாலு மணிக்குள்ள முடியுமா?"

"முடிச்சிடுறேன்."

"பெட்டி தெரிஞ்சதும் வெட்டுறத நிறுத்திட்டு எனக்கு ஆள் அனுப்புங்க. நான் வந்து இறங்கிப் பாக்கணும்."

"அது ஆறடி, டீச்சர். நீங்க இறங்கவேண்டாம். வெள்ளைப் பலகைதான், நானே பாத்தேன்."

"நீங்க பாத்தது போதும்" என்றாள் டீச்சர். குரல் ஏறவில்லை, சொல்லிக் கொடுக்கிற குரலாகவே இருந்தது. "இனிமே உங்க வார்த்தைய நம்பி நான் எங்கயும் போய் உக்கார முடியாது. ஏணி ஒண்ணு கொண்டுவந்து வைங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு, ஏணிக்கு யாரிடம் கேட்பது என்று யோசித்தபடி படியிறங்கினார்.